பாறை ஊறும் என்று சொன்னேன்

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வியாழக்கிழமை ஆலையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறதாம். ஊரின் கழிவை ஆலையும், ஆலையின் கழிவை ஊரும் பயன்படுத்துவதற்கு எங்கள் அட்டை ஆலைதான் முன்மாதிரியாம். தண்ணீர்ப் பிரிவுக்குப் பொறுப்பு நான் என்பதால் குறிப்பு எழுதும் வேலை என் தலையில்.

எழுதியவை:
– டவுனின் பழைய பேப்பர் இங்கே அட்டையாகிறது. உண்மை.
– பாய்லர் சாம்பல் ஹாலோ பிளாக் போடுகிறவர்களுக்குப் போகிறது. உண்மை.
– டவுன் சாக்கடைத் தண்ணீர் சுத்தமாகிக் குழாயில் நமக்கு வருகிறது. உண்மை. தேவையில் பாதிதான்.
– ஆகவே போர்வெல் நிறுத்தப்பட்டது. பொய்.

நாலாவது வரியை டைப் அடிக்கும்போதே பின்பக்க ஷெட்டில் போர்வெல் மோட்டார் ஓடுகிற சத்தம். மேனேஜரிடம் சொன்னேன்.

"ஓடுதுதான். ஆனா ரெக்கார்டுல ஸ்டாண்ட்பை. ரொம்ப யோக்கியம் பேசாதீங்க."

சிரித்துவைத்தேன். எதற்குச் சிரித்தேன்?

மே 13, செவ்வாய்

பால் வரவில்லை. வரக்காப்பி. பல்வலி வேறு.

மதியம் கேட்டில் செல்வி. பக்கத்து ஊர் டேங்க் ஆபரேட்டர். பஞ்சாயத்து மோட்டாரைப் போட்டு, டேங்குக்கு ஏற்றி, தெருக்குழாய்களைத் திறந்துவிடுகிற வேலை. அந்த ஊர்க் குழாய்க்கிணறும் எங்கள் போர்வெல்லும் கூப்பிடு தூரம்.

"காத்துதான் சார் வருது. பத்து நிமிசத்துல மோட்டாரு சூடாயிருது. பொம்பளைங்க என்னையத்தான் ஏசுறாங்க. ஒந் தெருவுக்கு மட்டும் தொறந்து விடுறியான்னு."

போன வருஷம் ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "டவுன் தண்ணி வந்தாச்சு, இனி உங்க தண்ணியத் தொடமாட்டோம்" என்றது நான்தான். அன்றைக்கு நம்பித்தான் சொன்னேன். இன்று அந்தச் சாக்கும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. பாறை ஊறணும். மெதுவாத்தான் ஏறும்."

"அப்படிங்களா சார்? அவங்ககிட்ட அதையே சொல்லிர்றேன்." நன்றி வேறு சொன்னார். டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளம்பினார்.

சாயங்காலம் உத்தரவு: குழு வந்து போகும்வரை போர்வெல் ஓடக்கூடாது. ஆலைத் தொட்டியில் ரெண்டு நாளைக்கு இருப்பு. சுவிட்சை அணைத்தேன். ஷெட் வாசலை மறைத்துக் குரோட்டன்ஸ் செடித் தொட்டிகள்.

மே 14, புதன்

சட்டை அயர்னுக்கு. பல்லுக்கு மாத்திரை. பேனர் வந்தது: 'மண்ணிலிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை.' எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்கள். இல்லை.

மேனேஜர்: "ஊர்க்காரங்க ஒருத்தர் பேசுனா எடுப்பா இருக்கும். அந்த டேங்க்கார அம்மாவ வரச்சொல்லுங்க."

போன் போட்டேன். "நான் என்னத்த சார் பேசுறது?"

"மனசுல பட்டதப் பேசுங்க."

உள்ளுக்குள் ஓர் ஆசை. எல்லார் முன்னாலும் என்னைக் கிழிகிழியென்று கிழிக்கட்டும். நான் சொல்ல வேண்டியதை அந்த அம்மாவைச் சொல்லவைக்கப் பார்க்கிறேன். பேடி.

மே 15, வியாழன்

குழு பதினொன்றுக்கு வந்தது. இளநீர், வறுத்த முந்திரி. பெரியவர் ஒருவர் ஷெட் பக்கம் நின்று காது கொடுத்துக் கேட்டார். சத்தமில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

செல்வி நல்ல சேலை கட்டி வந்திருந்தார். மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு இன்னும் தண்ணி சரியா ஏறலங்க. ஆனா கம்பெனி எடுக்குறத நிப்பாட்டிருச்சு. பாறை ஊறணும்னு சார் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பொறுத்துக்குவோம்."

கைதட்டல். நானும் தட்டினேன். கூனிக்குறுகிப் போனேன்.

மூன்று மணிக்குக் குழு கிளம்பியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "தொட்டி அடி தட்டுது. காலையில ஆறு மணிக்கு மோட்டாரப் போட்டுருங்க."

"சரி சார்."

நாலரைக்குச் செல்வியின் போன். பின்னால் குடங்கள் இடிபடும் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"சார், தண்ணி ஏறிருச்சு! கெளம்புற அவசரத்துல காலையில மோட்டாரு போடல. இப்பத்தான் போட்டேன், நிக்காம ஓடுது. நீங்க சொன்ன மாதிரியே பாறை ஊறிருச்சு சார்!"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஞாயித்துக்கெழம அம்மனுக்குப் பொங்கல் வைக்கலாம்னு பேசுறாங்க. வெளியூர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிவிடணும். தண்ணி இப்படியே வரும்ல சார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வரும்மா" என்றேன்.

"அது போதும் சார். பொங்கலுக்கு நீங்களும் வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரணும்."

வீட்டில் விழா போட்டோவைப் பார்த்து மனைவி கேட்டாள்: "எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் தரையப் பாக்குறீங்க?"

வெயில் என்றேன்.

மே 16, வெள்ளி

மேகமூட்டம். ஒரு இலை அசையவில்லை. ஐந்தரைக்கு அந்த ஊர் வழியாகத்தான் போனேன். டேங்குக்குக் கீழே ஈரம், சேறு. குழாயடியில் குழந்தைகளை நிற்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வி கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன்.

ஆறு மணி. போர்வெல் மோட்டாரைப் போட்டேன்.