உங்கள் இலையில் மீந்த சோறு

பாவா, முதலில் நம் பேரப்பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகள் எஸ்தர் வேலூரில் நர்சுப் படிப்பு முடித்துவிட்டாள். வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினாள் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. அவள் தம்பிக்கு ரயில்வேயில் வேலை. நீங்கள் ஜல்லி கொட்டின அதே லைனில் இவன் கொடி காட்டி வண்டியை அனுப்புகிறான். மகள் வீட்டுப் பேத்தி பள்ளிப்பட்டில் டீச்சர். ஐந்தாவதோடு நின்ற என் எழுத்தில் தப்புக் கண்டுபிடிக்கிறாள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சந்தோஷத்தில் எழுத உட்காரவில்லை. காலையில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து, கம்பியில் உரசுகிறது என்று எதிர்வீட்டுப் புளியமரத்தைக் கழித்தார்கள். பச்சை விளார் குவியலாகக் கிடந்தது. அந்தப் பட்டை வாசம் மூக்கில் ஏறியதும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

யுத்த காலம் அது. அரக்கோணம் பக்கம் லைன் வேலைக்குப் போன இடத்தில் ஓர் உபதேசியாரிடம் வேதம் கேட்டு, ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் வாங்கவில்லை. பயம். பெரியவன் அப்போது வயிற்றில். என்னைப் பெற்ற நைனாதான் ஊர்ப் பெரியதனக்காரர், உங்களுக்குத் தாய்மாமன். அவரே நம் வீட்டுக்குக் கட்டுப்பாடு போட்டார். கிணற்றில் தண்ணீர் கிடையாது, அடுப்பு மூட்ட யாரும் நெருப்புத் தரக்கூடாது. குட்டையில் மொண்டு வந்த பானையையும் கல்லெறிந்து உடைத்தார்கள். "உம் புருசனோட சாமியாண்ட போயி தண்ணி கேளு போ" என்று சிரித்தார்கள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வருஷா வருஷம் திருத்தணி மலைக்குக் காவடி சுமந்த தோள் உங்களுடையது. அந்த வருஷம் மாட்டேன் என்றீர்கள். காவடியோடு கிளம்ப வந்த சொந்தக்காரர்களே உங்களைப் புளியமரத்தில் கட்டினார்கள்.

சாதியை விட்டுப் போனவனைத் திரும்பச் சேர்க்க அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொன்னைக் காய்ச்சி நாக்கில் சுடுவது. பொன்னுக்காக நைனா என் கழுத்தில் கைவைத்தார். தாலிக்கயிற்றிலிருந்து குண்டை அறுத்துக்கொண்டு, "உன் தாலி நிலைக்கத்தாம்மா இத்தை அறுக்கறேன்" என்றார். இரண்டு பேர் உங்கள் தாடையை நெம்பினார்கள். இடுக்கியில் குண்டு சிவந்து வந்தது. "பம்பையை அடிங்கடா!" என்று ஒருத்தர் கத்தினார். அடித்தார்கள். அப்படியும் உங்கள் சத்தம் எனக்குக் கேட்டது. கறி தீய்ந்த நாற்றம் காற்றில் நின்றது.

கட்டை அவிழ்த்து, குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி பூசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சடங்கு முடியும். பக்கத்து இலை நைனாவுக்கு. அத்தனை பேர் வாயிலும் முதல் கவளம் போகும் வரைக்கும் பார்த்திருந்தீர்கள். அப்புறம் கைகூப்பினீர்கள். வீங்கின நாக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்து, "இயேசுவே, இந்தச் சோத்துக்கும் இவங்களுக்கும் தோத்திரம்" என்றீர்கள்.

பந்தி அப்படியே நின்றுவிட்டது. கடைசி இலையில் இருந்த கிழவிதான் வாயைத் திறந்தாள்: "அப்போ இவன்கூட குந்தித் துன்னவன் அத்தினி பேரும் நாக்கை நீட்டுங்கடா, பொன்னு இன்னும் சூடாத்தான் கீது!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நைனாவால் தாங்க முடியவில்லை. விளாரை ஒடித்தது அவர்தான். ஒன்று நார்நாராகப் போனதும் அடுத்ததை ஒடித்தார்கள். முதுகுத் தோல் பட்டையாக உரிந்தது. காது கிழிந்து தொங்கியது. கீழே விழுந்த உங்களைத் தோளில் மிதித்தார்கள், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நீங்கள் அசைவற்றுக் கிடந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார். "செத்துட்டான். வா. பொறக்கறதாவது நம்ம சாதியில பொறக்கட்டும்."

நீங்கள் செத்திருந்தால் நைனா பின்னாலேயே போயிருப்பேனோ என்னவோ. உங்கள் விரல் மண்ணைக் கீறியது. நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. பிடியை உதற எனக்குப் பலமில்லை. இன்னொரு கை சும்மா இருந்தது. குனிந்து, உங்கள் இலையில் மீந்த சோற்றை அள்ளினேன். உங்கள் வாயிலிருந்து ஒழுகின ரத்தம் அதில் கலந்திருந்தது. எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

"அடிப்பாவி!"

நைனாவின் கை தானாக விட்டுவிட்டது. விளார் என் முதுகிலும் விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்னைத் தொட்டு இழுக்க ஒருத்தரும் வரவில்லை. தொட்டால் அவர்களுக்குத் தீட்டு. அந்தத் தீட்டுத்தான் நம்மைக் காப்பாற்றியது, பாவா. உங்கள் அக்குளில் கைகொடுத்து ரோடு வரைக்கும் இழுத்தேன். வழி விட்டு விலகி நின்றார்கள். வெளியூர் வண்டிக்காரர் ஒருத்தர் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

பெரியவன் பிறந்த பிறகு போதகர் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எப்போது விசுவாசம் வந்தது என்று கேட்டார். நீங்கள் குழறிக் குழறி, "சோறு துன்னப்போ" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. நாம் இருவரும் சிரித்தோம். அந்தச் சோற்றின் உப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஒரு குறை மட்டும் உண்டு. உயிரோடு இருந்தவரைக்கும் போட்டோக்காரர் முன்னால் நீங்கள் வாயைத் திறந்ததே இல்லை. பம்பாயில் சின்னவனுக்கு ஒரு பேரன் பிறந்திருக்கிறான், அச்சாக உங்கள் தாடை. அனுப்பின போட்டோவில் வாயை மூடித் தூங்குகிறான். நேற்றுத்தான் கடுதாசி போட்டேன்: "புதுசா ஒண்ணு எடுத்து தபால்ல அனுப்புடா. முழிச்சிக்கினு இருக்கச்சொல்ல எடு. அழுதாலும் பரவாயில்ல, வாயைத் திறந்துகினு இருக்கட்டும். நாக்கு நல்லாத் தெரியணும்."