விடை நாளை

8 மார்ச் 1943, திங்கள்

நாளைய பத்தி முடிந்தது. விடுகதை ஒன்று, சிரிப்பு ஒன்று, துணுக்கு மூன்று, ‘இதே நாளில்’ இரண்டு. சரித்திரத்தில் பி.ஏ. வாங்கியது இதற்குத்தானா என்று கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். வேறு எதற்கு என்று யாரும் சொல்லவும் இல்லை.

யானைக்கு ஆயுளில் ஆறு தடவை கடைவாய்ப்பல் முளைக்கும் என்று எழுதியிருந்தேன். தம்பி சந்தானம் படித்துவிட்டு, “எனக்கு இருக்கிறதே ஆடுது அக்கா, யானைக்கு வந்த வாழ்வைப் பாரு” என்றான்.

‘கூடல் தூதன்’ அவன் பத்திரிகை. பத்தி என்னுடையது. பெயர் மட்டும் யாருடையதும் இல்லை - கிளிமூக்கு மாமா. பெண்பிள்ளை போடும் புதிருக்கு எவன் மெனக்கெட்டு விடை அனுப்புவான் என்று ஆரம்பத்திலேயே சந்தானம் சொல்லிவிட்டான். போன வாரம் மேலமாசி வீதி வாசகர் ஒருவர் மாமாவுக்கு மூக்குப்பொடி டப்பா அனுப்பியிருந்தார். வாசனைப் பொடி. தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது.

11 மார்ச்

முதல் நீராவி ரயில் ஓடிய வருஷத்தைத் தப்பாக எழுதியிருக்கிறேன். திருமங்கலத்து வாத்தியார் ஒருவர் கண்டுபிடித்துக் கார்டு போட்டுவிட்டார். வழக்கம்போல் ‘அச்சுப்பிழை, வருந்துகிறோம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

அச்சுக்கோக்கும் நல்லகாமன் அதைக் கோத்துக்கொண்டே சிரித்தான். “ஏம்மா, நீங்க பண்ணுனது, அய்யா பண்ணுனது, அம்புட்டும் என் தலையிலதேனா? மதுரையிலயே பெரிய தப்புக்காரன் நான்தேன் போல.”

“உன் பேரையா போட்டோம்?”

“அச்சுப்பிழைன்னா அச்சுல கை வச்சவன்தானம்மா.”

நானும் சிரித்தேன். எல்லாப் பத்திரிகையிலும் இதுதான் வழக்கம். எழுதினவன் செய்த தப்பு என்று எங்கே போடுகிறார்கள்?

நல்லகாமன் உசிலம்பட்டிப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இந்தத் தொழில் படித்தவன். எழுத்துகளைத் தலைகீழாக, நான் நேராகப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பான். ஆனாலும் குற்றப்பரம்பரை என்று சொல்லிக் கைரேகை வாங்கும் ரேகைச் சட்டத்தில் பெயர் பதிந்த ஆள். போலீஸ் கொடுத்த சீட்டு இருப்பதால்தான் மதுரையில் தங்க முடிகிறது. சீட்டைப் பிடுங்கிவிட்டால் ஊருக்குப் போய், ராத்திரிதோறும் ஸ்டேஷனில் படுத்து எழுந்திருக்க வேண்டும். எந்தத் திருட்டும் செய்யாதவன்; பிறந்த சாதிக்காக. சீட்டை மெழுகுத் துணியில் சுற்றி மடியில் வைத்திருக்கிறான். பேசும்போது அடிக்கடி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

17 மார்ச்

ஏப்ரல் மாதத்து ‘இதே நாளில்’ சேகரித்துக்கொண்டிருந்தேன். முடிசூட்டு, படையெடுப்பு, எவனோ ஒரு தீவைக் கண்டது. தீவில் இருந்தவர்கள் தங்களைத் தொலைத்துவிட்டார்களா என்ன?

மூன்றாம் தேதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. 1920. சென்னையில் விடுதியில் இருந்தேன். இங்கிலீஷ் பத்திரிகையில் மதுரை ஜில்லா என்று பார்த்ததும் ஆசையாக எடுத்துப் படித்தேன் - நம் ஊர்ச் செய்தி என்று. பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள் ஊர்க்காரர்கள், போலீஸ் சுட்டது. சில வரிகள்தான். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது, போனேன்.

எழுதிச் சந்தானத்திடம் காட்டினேன். சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. “தணிக்கைக்காரன் பார்த்தா பத்திரிகைக்கே பூட்டு. நம்ம பிழைப்பு விடுகதை அக்கா.”

அவன் சொன்னது சரி. எனக்கும் தெரியும்.

18 மார்ச்

இடம் அடைக்கும் துணுக்குகள் தீர்ந்துவிட்டன என்று நல்லகாமன் கேட்டான். யுத்தகாலத் தணிக்கைக்காரர் ஒரு பக்கத்தில் எதையாவது அடித்தால் அந்த இடத்தை வெள்ளையாக விடக்கூடாது. வெள்ளையாக விட்டால் எதிர்ப்பு என்கிறார்கள். அதனால் தேதி இல்லாத துணுக்குகளை முன்கூட்டியே கோத்துத் தட்டில் வைத்திருப்போம். அடித்த இடத்தின் அளவுக்குப் பொருந்துவதை எடுத்துச் செருகுவது நல்லகாமன் வேலை. தட்டில் இருப்பதை யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு எழுதினேன். தேனீ, பனிக்கட்டி, கிளியின் வயது. கடைசியில் இதையும்:

‘ரேகை வைக்க மறுத்ததற்காகச் சுடப்பட்ட ஊர் எது? மதுரை ஜில்லாவில்தான் இருக்கிறது. விடை நாளை.’

கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? யாரும் எடுக்கமாட்டார்கள் என்றா? எடுப்பார்கள் என்றா? இங்கேகூட என்னால் எழுத முடியவில்லை.

25 மார்ச்

கண்வலி. பத்தி மட்டும்.

2 ஏப்ரல், வெள்ளி

வந்துவிட்டது.

காலையில் காபியோடு பத்திரிகையைப் பிரித்தேன். சிரிப்பு இருக்கவேண்டிய இடத்தில் அது. கொட்டை எழுத்தில் இல்லை, மற்றதைப் போலச் சின்னதாகத்தான். ஆனால் பக்கம் முழுக்க அது ஒன்றுதான் இருப்பதுபோல் தெரிந்தது.

நடந்தது இதுதான். “அரிசியில் ஏன் இத்தனை கல்?” “கன்ட்ரோல் எல்லாம் அரிசிக்குத்தான் ஐயா, கல்லுக்கு இல்லை” என்று எழுதியிருந்தேன். அதைத் தணிக்கையில் அடித்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு நல்லகாமன் தட்டிலிருந்து எடுத்துச் செருகியிருக்கிறான்.

சந்தானம் சட்டைகூடப் போடாமல் அச்சகத்துக்கு ஓடினான். பின்னாலேயே போனேன். நல்லகாமன், “வாசிக்கலய்யா, அளவு பாத்தேன், வச்சேன்” என்றான். சந்தானம் என்னிடம் நாங்கள் வீட்டுக்குள் மட்டும் பேசும் பாஷையில் கத்தினான் - நல்லகாமனுக்குப் புரியக்கூடாது என்று. புரியாமலா இருந்திருக்கும்? என் கையெழுத்துத் தாள்கள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், பின்கட்டு அடுப்பில் போட்டான்.

சாயங்காலத்துக்குள் கார்டுகள் வந்துவிட்டன. உள்ளூர்த் தபால். எல்லாவற்றிலும் ஒரே விடை. எங்கள் விதிப்படி கீழே முழுப்பெயர், முழு விலாசம். கடவுளே, எதற்கு இப்படி ஒரு விதி வைத்தேன்!

விடை நாளை என்று போட்டாயிற்று. நாளைக்கு என்ன போடுவது? “விடையும் வேண்டாம், வினையும் வேண்டாம். ஏதாவது எழுது அக்கா, சீக்கிரம்” என்று சந்தானம் என் தோளருகே நின்றான். வழக்கமான வரியை எழுதிக் கொடுத்தேன்.

‘நேற்றைய பத்தியில் ஒரு கேள்வி அச்சுப்பிழையால் இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.’

நல்லகாமன்தான் அதையும் கோத்தான். இன்று சிரிக்கவில்லை.

5 ஏப்ரல்

அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சனிக்கிழமைப் பத்திரிகையை மேசையில் விரித்து, என் வரியின் மேல் விரலை வைத்தார். “உங்க பேப்பரே சொல்லுது, அச்சுல நடந்த தப்புன்னு. அச்சு யாரு கையில?” நல்லகாமன் மை துடைத்த துணியோடு நின்றுகொண்டிருந்தான். “எந்த ஊரு?” என்று கேட்டார். சொன்னான். அவ்வளவுதான். வேறு கேள்வியே இல்லை.

மடியிலிருந்து சீட்டை அவனே எடுத்துக் கொடுத்தான்.

நான் வாயைத் திறந்தேன். சந்தானம் என் கையைப் பிடித்து அழுத்தினான். நான் பேசியிருக்கலாம். பிடி ஒன்றும் அவ்வளவு பலமாக இல்லை.

அந்த வரியை எழுதும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே! பிழைக்கு எழுதும் வார்த்தை, எழுதினேன். அது ஒரு ஆளைக் காட்டும் என்று - அவனே சொன்னானே, அச்சில் கை வைத்தவன் என்று. சொல்லிச் சிரித்தானே பாவி.

6 ஏப்ரல்

சந்தானத்திடம் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். நான்தான் எழுதினேன் என்றேன்.

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்தார். “கிளிமூக்கு மாமாவை எங்க அப்பா பத்திரிகை வந்த நாளா படிக்கிறார். ஆம்பிளைங்கம்மா அவரு. பொடி போடுற ஆளு.”

“அது நான்தான்.”

“கைப்பிரதி இருக்கா?”

எரித்துவிட்டோம் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. “வேலைக்காரன்மேல இரக்கம். படிச்சவங்க, இருக்கும்தான். ஆனா அவன் ஒத்துக்கிட்டாம்மா. வாக்குமூலம் கொடுத்தாச்சு. தம்பி பத்திரிகை நடத்தணுமில்ல? வீட்டுக்குப் போங்க.”

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

9 ஏப்ரல்

நேற்றிலிருந்து ஒரு கார்டும் வரவில்லை. விடுகதைக்கும் இல்லை, மற்றதற்கும் இல்லை. திருமங்கலத்து வாத்தியாரிடமிருந்துகூட இல்லை. எங்கள் தபால் நேராக ஸ்டேஷனுக்குப் போகிறது போலிருக்கிறது. எல்லாரும் முழு விலாசம் எழுதியிருப்பார்கள்.

12 ஏப்ரல்

நல்லகாமனுக்கு மூன்று மாதம் ஜெயில் என்று தீர்ப்பு. சீட்டு ரத்து.

அவன் மனைவி ஒச்சாயி அச்சகத்துக்கு வந்தாள். சந்தானம் உள்ளே போய்விட்டான். நான்தான் நின்றேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தாயி, எம்புருசனுக்கு எழுதத் தெரியுமா தெரியாதா?”

“நல்லாத் தெரியும்.”

“அதத்தேன் அங்கயும் சொன்னாராம். நான் பேரு எழுதுறேன்னு. அதெல்லாம் வேணாம், நீ ரேகை வையின்னு கையப் பிடிச்சு மையில முக்கிப்புட்டாங்களாம். மையி அவருக்குப் புதுசா? அதுக்கு அழுதாராம். செயில்ல பாத்தப்ப வேற ஒண்ணும் சொல்லல தாயி. இதயே சொன்னாரு.”

சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினாள். “வாரேன்” என்று போய்விட்டாள்.

13 ஏப்ரல்

எழுத வரவில்லை.

3 மே

பத்தி எழுதுவதை நிறுத்திவிட்டேன். சந்தானமே எழுதுகிறான். கிளிமூக்கு மாமாதான் இப்போதும். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. இன்றைய சிரிப்பு போன வருஷம் நான் எழுதியது. அவனிடம் சொன்னேன், ‘எழுதியது பத்தி ஆசிரியை, அச்சில் பிழையில்லை’ என்று ஒரு வரி என் பெயரோடு போடு என்று. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

“போட்டா நல்லகாமன் வந்துடுவானா? நானும் போவேன், நீயும் போவே, அச்சகத்தில் இருக்கிற அத்தனை பேரும் தெருவில் நிப்பாங்க.”

அவன் சொல்வது நடக்கக்கூடியதுதான்; அதனால் நியாயம் ஆகிவிடுமா? இப்போதெல்லாம் தனித்தனியாகச் சாப்பிடுகிறோம்.

20 ஜூன்

எதிர்வீட்டு மாடியில் புதிதாக ஒருவர் குடி வந்திருக்கிறார். தனி ஆள். வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை; நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து நம் வாசலையே பார்க்கிறார்.

13 ஜூலை, செவ்வாய்

இன்று நல்லகாமனைப் பார்த்தேன்.

விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் போவதென்று முடிவு செய்திருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ். காளவாசல் தாண்டியதும் ஒருதரம் நின்று, டிரைவர் இறங்கிக் கரி கிளறி, மறுபடி புறப்பட்டது. கருவேலமும் புழுதியும். எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவன் வீட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமை பகலிலும் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டுமாம். ஸ்டேஷன் முன்னால் புங்க மரத்தடியில் முப்பது நாற்பது ஆண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்களும்கூட. ஏட்டு பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். நல்லகாமன் ஓரத்தில் இருந்தான். இளைத்துவிட்டான். மை இல்லாத அவன் விரல்களை நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

என்னைப் பார்த்து எழுந்து வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவன் கேட்டான்:

“விடை போட்டீகளாம்மா?”

“இல்லை.”

தலையை ஆட்டினான். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அன்னைக்குத் தட்டுல அதே அளவுல வேற ரெண்டு கெடந்துச்சு. தேனீ ஒண்ணு. கிளி ஒண்ணு.”

கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினான்.

“அந்த வெடிச்சத்தம் கேட்டப்ப எனக்கு ஏழு வயசும்மா. அடுத்த ஊருதேன் நாங்க. தேனீயக் கையில எடுத்தேன். கீழ வச்சுட்டேன்.”

ஏட்டு அவன் பெயரைக் கூப்பிட்டார். போய்க் கும்பிட்டான். பிறகு ஏட்டு என்னைப் பார்த்தார். “நீங்க யாரும்மா அவனுக்கு?”

பெயர் சொன்னேன். தெருவைச் சொன்னேன். “அவனைச் சிறைக்கு அனுப்பிய கேள்வியை எழுதினவள். பத்திரிகையில் கிளிமூக்கு மாமா என்றால் நான்தான்” என்றேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர் மோர் வரவழைக்கவில்லை. பேனாவை உதறிக்கொண்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்லச் சொன்னார். பக்கத்தில் ஒரு கடுதாசியை இழுத்து வைத்து, கூட்டம் முழுக்கக் கேட்க எழுதி வாசித்தார். கையெழுத்துக் கேட்டார். போட்டேன். எனக்கு ரேகை இல்லை, கையெழுத்து.

15 ஜூலை

எதிர்வீட்டு ஆள் காலையில் நம் வாசலுக்கே வந்துவிட்டாராம். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கிளிமூக்கு மாமா இருக்காரா என்று கேட்டாராம். சந்தானம் வெளுத்துப்போய் நிற்கிறான்.

“என்ன சொன்னே?”

“வெளியூர் போயிருக்கார்னேன். அவன் போலீஸ் ஆளுதான் அக்கா, மத்தியானம் வரேன்னு போயிருக்கான். நீ பின்பக்கமா…”

இரண்டு புடவை, மூக்குக் கண்ணாடி, கண்ணுக்கு மருந்து. பையில் எடுத்து வைத்துவிட்டேன். வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.