பெயர் காட்டாத கட்டளை வரி

குரோனிங்கன்,
ஞாயிறு மாலை

மகன் ரின்ஸுக்கு,

நானும் உன் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீ ஹோபார்ட்டில் நலமாக இருப்பதை அவள் தொலைபேசியில் கேட்டு எனக்குச் சொல்லிவிட்டதால் அதை நான் மறுபடி விசாரிக்கவில்லை. மிதிவண்டியிலிருந்து விழுந்த அவளுடைய மணிக்கட்டு கூடிவிட்டது, கால்வாய் இவ்வாண்டு சறுக்கும் அளவுக்கு உறையவில்லை, பட்டாணிச் சூப்பை அவள் இன்னும் நான்கு பேருக்கே வைக்கிறாள், உன் பங்கு குப்பைக்குப் போகிறது. உன் அக்காள் ஹிஸ்கெ வாடகை அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து தங்கியிருக்கிறாள். கடல் வெள்ளம் பற்றிய அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது, அது உனக்குத் தெரியும். ஏன் என்று நீ யோசித்தே பார்க்காததால் அஞ்சலுக்குக் காத்திராமல் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் பைத்தான் நிரல்மொழியில் தனித்தனி மெய்நிகர் சூழல், ஒன்றின் நிரல் தொகுப்புகள் மற்றொன்றைத் தொடக் கூடாது, எதை நிறுவுவதற்கு முன்னும் உரிய சூழலைச் செயல்படுத்து, கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் தெரிகிறதா என்று பார்: இதை உனக்கு நான் கற்பித்தேன். நீயோ அந்தப் பெயர் கண்ணை உறுத்துகிறது என்று அதைக் காட்டாதபடி அமைத்துக்கொள்பவன். ஹிஸ்கெயின் கணினிக்குள் தொலைவிலிருந்து உதவ வந்தபோது அங்கும் அப்படியே அமைத்தாய். பிறகு உன் சோதனைச் சூழலுக்கு மாறிவிட்டதாக எண்ணி, அவளுடைய ஆய்வுச் சூழலுக்குள்ளேயே நின்றுகொண்டு ஒரு தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவினாய். அந்தப் பதிப்பு இடைமதிப்புகளை வேறு விதமாகக் கணக்கிடுகிறது. குழுவின் முன்னிலையில் அவள் ஒரு கணக்கை ஓட்டிக்காட்டியபோது வெள்ள மட்டம் வேறாக வந்தது. "அச்சுல ஒண்ணு, திரையில ஒண்ணு. எதை நம்பி அம்மணி நாங்க கரையை உயர்த்துறது?" என்று தலைவர் கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர், "கடல்கிட்டயே கேட்டுக்குவோம்" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அன்று அவள் உன்னை அழைத்துக் கேட்டதற்கு நீ சொன்ன பதில், "நீதான்கா எதையாவது நோண்டித் தொலைச்சிருப்பே."

சென்ற வாரம் அவளுடைய கணினியைத் திறந்தேன். கட்டளை வரி சூழலின் பெயரில்லாமல் மொட்டையாக இருந்தது. நம் குடும்பத்தில் அப்படி வைத்துக்கொள்பவன் நீ ஒருவனே. அவள் குறித்துவைத்திருந்த பழைய பதிப்புகளைக் கொண்டு புதிய சூழலை உருவாக்கி ஓட்டினேன், ஆய்வேட்டில் உள்ள எண்கள் கடைசி இலக்கம்வரை அப்படியே வந்தன. அவளிடம் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. "தெரியும்ப்பா, அன்னைக்கே தெரியும்" என்றாள். காரணத்தை எழுதிக் கொடுத்தால் குழு மறுபடி பார்க்கும், ஆனால் குழுத் தலைவரும் உன் பேராசிரியரும் நண்பர்கள், அவரிடம் உன் வேலை ஒப்பந்தம் இந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும், ஆகவே தன் கவனக்குறைவு என்றே சொல்லிவிட்டாளாம். குழு விதித்த கெடு புதன்கிழமையோடு முடிகிறது. அதன் பிறகு அவள் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தில் கவனக்குறைவானவள் என்றே நிற்கும். "அவன்கிட்ட சொல்லிடாதீங்கப்பா, ஒடிஞ்சு போயிடுவான்" என்று கெஞ்சினாள்.

நீ ஒடிந்துபோக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் நடந்ததை உன் பெயரிட்டுக் குழுத் தலைவருக்கு எழுது. வருந்துகிறேன் என்ற சொல்லைச் சேர்க்காதே, அவருக்கு அது பயன்படாது. நீ எழுதாவிட்டால் புதன் காலை நான் எழுதுவேன், அதன் பிரதி உன் பேராசிரியருக்கும் போகும். அம்மாவை அழைத்து அழாதே, அவளுக்கு இது எதுவும் தெரியாது.

உனக்கு நல்ல உடல்நலமும் நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும். உன் அக்காள் உனக்காக எதை விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்க அவை உனக்குத் தேவைப்படும்.

உன் தந்தை,
டௌவெ தெர்ப்ஸ்ட்ரா