துரைமார் ஆடிய தளத்தில் என் தையல் மிஷின்

1957 செப்டெம்பர் 8, ஞாயிறு

இன்று கடையில் பால் காய்ச்சினோம். வெள்ளைக்காரத் துரைமார் ஆட்டம் போட்ட பழைய கிளப் மண்டபம் இப்போது நாலு வாடகைக் கடை. சோலைமலை முதலாளி வாங்கி, தூணுக்குத் தூண் பலகை அடித்துப் பிரித்துவிட்டார். கட்டினவன் கெட்டிக்காரன். தேக்குத் தூண், மேலே உத்தரம், மூலைக்கு மூலை சாய்வு முட்டு. சுவரெல்லாம் சட்டங்களுக்கு நடுவே அடைத்த சாந்துதான். இடித்தாலும் கூரை நிற்குமாம்.

"அப்ப நீங்க விழுந்தாலும் கடை நிக்கும்" என்றாள் என் சம்சாரம் பூரணி. நல்ல நாளில் நல்ல வாக்கு!

செப்டெம்பர் 11

பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் லோரன்ஸ். நான் மிஷினை மிதித்தால் அவர் மேசை ஆடுகிறது. சின்னச் சுருள் ஒன்று துள்ளித் தரைப் பலகை இடுக்கில் போயே போய்விட்டது.

"வீரய்யாண்ணே, தைக்கிறீங்களா, குதிரை ஓட்டுறீங்களா?"

"தொரைசாணிமாரு ஆடுன பலகை தம்பி. நம்ம காலையும் கெடுத்துருச்சு."

செப்டெம்பர் 24

மிஷினுக்கு அடியில் சாக்கை மடித்து வைத்தேன். சாக்கும் சேர்ந்து ஆடியது.

செப்டெம்பர் 29

மற்றக் கடைக்காரர்கள் சொல்லி முதலாளி வந்தார். "ஆட்டுறது நீங்கதான வீரய்யா? ஒரு வாரத்துல காலி பண்ணிருங்க."

தீபாவளிக்கு முன்னாலா? தேயிலைத் தோட்டத்துச் சனம் முற்பணம் வாங்கி, துணியோடு வரும் நேரம் — இந்தத் தையல்தான் வருஷம் முழுக்க எங்கள் அடுப்பு. பஜாரில் வேறு கடை ஏது? அவர் முன்னால இளிச்சுக்கிட்டே நின்னேன்.

ஒக்டோபர் 2

கடைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மலைச்சரிவு அல்லவா, என் கடைப் பக்கம் தளம் தரையிலிருந்து இடுப்பளவு உயரம். நீள நீளச் சட்டங்கள், நாலு கடைக்கும் அடியில் அறுபடாமல் ஓடுகின்றன. மேலே நாலு கடை, கீழே ஒரே மண்டபம்! ஒன்றை மிதித்தால் எல்லாம் துள்ளாமல் என்ன செய்யும்?

வம்பு கேட்க இதைவிட இடமில்லை. தலைக்கு மேலே லோரன்ஸின் சம்சாரம் ஜோசப்பின்: "அந்தாளு போனா நமக்கு நிம்மதிதானே?"

"நிம்மதிதான். அப்புறம் நான் யாருகூட பேசுறது? கடிகாரத்துகூடவா?"

சந்தோஷத்தில் நிமிர்ந்தேன், சட்டத்தில் மண்டை மோதியது. "பெருச்சாளி!" என்று அலறினாள் ஜோசப்பின்.

மண்டையைத் தடவும்போதுதான் உறைத்தது. மரம்தான் ஆடுகிறது. மண் ஆடவில்லையே!

ஒக்டோபர் 5

லோரன்ஸே எனக்காக முதலாளியிடம் பேசி, தளத்தை வெட்டச் சம்மதம் வாங்கினார். ஆண்டியப்பன் ஆசாரி என் கடைத் தளத்தில் சதுரமாக வெட்டி, அறுத்த சட்டமுனைகளுக்குக் கல்லில் முட்டுக் கொடுத்தார். மிஷின் மண்ணில் இறங்கியது. பின்னாலேயே நானும். இனித் தளத்துக்கு மேலே தெரிவது என் தோளும் தலையும் மட்டுமே. பூரணிக்கு இவ்வளவே போதுமாம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

கடை கொள்ளாத கூட்டம். பகலெல்லாம் மிதித்தேன்; லோரன்ஸ் மேசையில் ஒரு திருகாணிகூட அசையவில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார், காலி பண்ணும் பேச்சையே எடுக்கவில்லை.

மத்தியானம், கொழுந்து மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஐயா வந்தார். தோட்டத்தில் அவர் முன்னால் எல்லாரும் குனிய வேண்டும். கால்சட்டைத் துணியை நின்றபடியே நீட்டினார். குழிக்குள்ளிருந்து என் கை எட்டவில்லை.

"குனிஞ்சா குடுக்கணும்?"

"மன்னிச்சுக்குங்கய்யா. கடை அமைப்பு அப்படி."

சுற்றிலும் பார்த்தார். குனிந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் நிமிர்ந்ததும் பின்னாலிருந்து அவர்களில் ஒருத்தி, ராக்காயி, பவ்வியமாகச் சொன்னாள்: "ஐயா, சட்டைத் துணி கக்கத்துலயே இருக்குங்க."

மறுபடியும் குனிந்தார்.