நடுவில் கைதட்டலாம்

கிராணி ஐயாவுக்கு,

குழம்பு பிரிட்ஜில் இருக்கிறது. சோறு நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள். ஆபீஸில் கணக்கெழுதி எஸ்டேட்டையே ஆட்டிவைக்கிறவருக்கு ஒரு ரைஸ் குக்கர் அடங்காதா என்ன?

நான் கோலாலம்பூர் பஸ் ஏறுகிறேன். யூனிவர்சிட்டியில் நாளைக்கு கிளாசிக்கல் கச்சேரி, சனிக்கிழமை ஜாஸ். இரண்டிலும் நம்ம தாரணி பியானோ வாசிக்கிறாள். “பெத்த மகளே அவமானப்படுத்திட்டா, இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன்” என்று போன வருஷத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். பிள்ளை ஒரு பகுதியை வாசித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்குகையில், எல்லாம் முடிந்ததென்று மாலையும் பொன்னாடையுமாக மேடை ஏறியது யார்? கோயில் திருவிழாவில் மந்திரிக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்திவிட்டு, போட்டோவுக்கு வேறு நின்றீர்கள். “இறங்குங்கப்பா” என்றது குற்றமா? மீதியை அந்தப் பொன்னாடையோடுதானே வாசித்தாள்!

நாளைக்கு வந்து தொலைக்காதீர்கள். சனிக்கிழமை வாருங்கள். ஜாஸில் நடுநடுவே கைதட்டலாமாம். தட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவாம். உங்களுக்கென்றே கண்டுபிடித்த சங்கீதம்.

ரமணி

பஸ் டிக்கெட் டிவி பக்கத்தில் இருக்கிறது. ஸ்வெட்டரோடு மலை இறங்காதீர்கள், கீழே வெயில்.

எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். “முன்வரிசையில அப்பாவுக்கு சீட் வெச்சிருக்கேன்மா. அவர் வரலன்னா காலியாவே கிடக்கட்டும் லா, வேற யாரையும் உக்கார விடமாட்டேன்” என்கிறாள். இந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?