இரண்டாவது கோப்பை

பதுளை,
1912, நவம்பர் 22.

கல்லோடைத் தோட்டத்துச் சபையின் உபதேசியார், மகா கனம் பொருந்திய எலியேசர் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு,

பதுளைக் கடைவீதியில் ஆப்பம் சுட்டுப் பிழைக்கும் ரூத்தம்மாள் தாழ்மையோடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். தாங்களும் நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக இருக்கிறீர்கள் என்பது தங்கள் கடிதத்தின் கொழுத்த எழுத்திலேயே தெரிந்தது.

இதோடு மரியாதை முடிந்தது, தம்பி. உன் பேருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று எழுதும்போதே சிரிப்பு வந்து கை ஆடிவிட்டது, மேலே மை சிந்தியிருப்பதைப் பார். ஞானஸ்நானத்தில் அப்பா உனக்கு எலியேசர் என்று மட்டும்தான் பேர் வைத்தார். வால் எப்போது முளைத்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நிற்க. இங்கே மழை விடுகிற மாதிரி இல்லை. பசறை வழியில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. பாதை திறந்ததும் கடைக்கார ஹாஷிம் நானாவின் சாமான் வண்டியில் இதை அனுப்புகிறேன். தபாலில் வந்தால் பெரிய கங்காணி வீட்டார் பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து எழுதியிருந்தாயே, அதற்காகத்தான். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோட்டத்துக் கூலிகளையெல்லாம் கட்டி ஆளும் பெரிய கங்காணி வேதக்கண்ணு பிள்ளையின் மகள் சுகிர்தத்தை உனக்குப் பேசியிருக்கிறார்கள். சந்தோஷம். தை பிறந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் பதுளைக்கு வந்து உன் குலம் என்ன, குடும்பம் என்ன என்று என்னிடம் விசாரிப்பார்கள். நான் உன் கூடப்பிறந்தவள் என்று சொல்லக் கூடாது. பாளையங்கோட்டைப் பக்கத்தில் உன் தகப்பனார் வீட்டில் வேலைக்கு நின்றவள், உன்னைத் தூக்கி வளர்த்த ஆயா என்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நற்கருணைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டவும் கூடாது. இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் என்னை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும் என்று வேறு போட்டிருக்கிறாய்.

அது போதாதென்று ஆபிரகாமைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறாய். எகிப்துக்குப் போன இடத்தில் அவர் உயிருக்குப் பயந்து பெண்சாதியைத் தங்கை என்று சொல்லவில்லையா, விசுவாசிகளின் தகப்பனே அப்படிச் செய்திருக்க, அக்காவை ஆயா என்று சொல்வது ஒரு குற்றமா என்று கேட்கிறாய். அடேயப்பா, என்ன படிப்பு. அந்த அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் படிக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லையாக்கும். நம் தெய்வத்தை அறியாத பார்வோன் அவரைக் கூப்பிட்டு, ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டு, ஊரை விட்டே அனுப்பினான். ஆபிரகாம் அப்படித் துரத்தப்பட்டதையும் மறைக்காமல் எழுதி வைத்திருப்பதால்தான் நான் வேதத்தை நம்புகிறேன். நீயோ உன் காலுக்குச் செருப்பு தைக்க அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொள்கிறாய்.

ஈஸ்டருக்கு நான் அங்கே வந்தேன். நீ உபதேசியாரான பிறகு உன் சபையில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்ற ஆசையில் வந்தேன். பசறை வரைக்கும் வண்டி, அதற்கு மேல் நமுனுகுல மலை ஏற்றம் முழுவதும் நடை. கோயில் வாசலில் நீ வெள்ளை அங்கியோடு நின்றாய், பக்கத்தில் பெரிய கங்காணி தலைப்பாகையோடு நின்றார். என்னைக் கண்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்து, யாரோ செத்த செய்தி வந்திருக்கிறது என்றே நினைத்தேன். நீ அவர் பக்கம் திரும்பி, "இது எங்க வீட்டு ஆயாங்க, என்னைய வளத்தது" என்றாய். அவர் என்னைப் பாராமலே தலையை ஆட்டினார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நீ உள்ளே போய்விட்டாய்.

அதற்குப் பிறகுதான் கோப்பைகளைப் பார்த்தேன். மேசையில் பெரிய கங்காணி கொடுத்த வெள்ளிப் பாத்திரம். அதன் பக்கத்தில் விளிம்பு நீலமான ஒரு தகரக் கோப்பை. அதை எனக்கு நன்றாகத் தெரியும். ஹாஷிம் நானா கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பாரே, அதில் ஒன்று. ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்தில் உபதேசியார் வந்து, இருப்பதில் மலிவானது எது என்று கேட்டு வாங்கிப் போனார் என்று நானா சொல்லியிருந்தார். தேயிலைச் சாயத் தண்ணீர் குடிக்க வாங்கினாய் என்று நான் நினைத்தேன். நீ வாங்கியது ஆண்டவருடைய இரத்தத்துக்கு.

பதுளையிலிருந்து ஆராதனைக்கு வந்திருந்த பாதிரியார் வெள்ளிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். அங்கே பெரிய கங்காணி வீட்டாரும் அவர் சனங்களும். தகரக் கோப்பையை உன் கையில் கொடுத்துப் பின்னால் அனுப்பினார். பின்னால் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் கொழுந்து எடுக்கிறவர்களும், அவர்களோடு நானும். பாவம் பாதிரியாருக்கு ஒன்றும் தெரியாது. இருமல்காரர்களைத் தனியாக உட்கார வைத்திருக்கிறேன், நோய் பரவக் கூடாது என்று நீ சொல்லி வைத்திருந்தாய். பதுளைக்குத் திரும்பியதும் எங்கள் கோயிலிலே அதைச் சொல்லி, கல்லோடை உபதேசியாரின் சுத்தபத்தத்தைப் பாருங்கள் என்று மெச்சினார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வராத இருமல் அன்றைக்கு வந்தது.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்பு வேலாயி, போன வருஷம் ஞானஸ்நானம் பெற்று லேயாள் ஆனவள். நீதான் அவளுக்குப் பேர் வைத்தாயாம். நீ அந்தக் கோப்பையை நீட்டிவிட்டுத் தாண்டிப் போனதும் என் காதருகே குனிந்து கேட்டாள்: "ஏம்மா, அந்த வெள்ளியில இருக்கிறதுதான் சாமி ரத்தமா? இதுல இருக்கிறது வேறயா?" கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். உபதேசியார் ஐயா, அவளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். என் வாயில் அது பொய் மாதிரி இருந்தது.

அவள் புருஷன் இராமையா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவளைப் போலத் தானும் வேதத்தில் சேருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன். வெளியே வந்தபோது என்னிடம், "நம்ம அம்மன் கோயில்லயும் இதத்தானே செய்றாங்க. அங்கன்னா கையில பொங்கலாச்சும் வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு கூலிக்காரர் லயத்தைப் பார்க்க நடந்தான். உன் பிரசங்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவன் சொன்னதில் இருந்த தெளிவு வராது.

மத்தியானம் பெரிய கங்காணி வீட்டில் விருந்து. உனக்கு உள்ளே, எங்களுக்குக் கொல்லைப்புறத்தில். தாகம் என்று கேட்டதற்குச் சுகிர்தம் செம்போடு வந்து, உயரப் பிடித்து, என் கையில் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அப்படி வளர்த்திருக்கிறார்கள். அவளும் இன்னும் யார் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரியாமல் இருக்கிறாள், அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நீ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்தாய். நான் கையை ஏந்திக் குடித்ததையும் பார்த்தாய். பேதுருவும் மறுதலித்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார். நீ அந்தச் சேவலைக் குழம்பு வைத்துத் தின்றுகொண்டிருந்தாய்.

சமாரியாக்காரி ஒருத்தி கிணற்றடிக்கு வந்தபோது, அவள் குடத்துத் தண்ணீரைத் தனக்குத் தரும்படி கேட்டவர் நம் ஆண்டவர். அவருடைய சனங்கள் அவள் பாத்திரத்தைத் தொடமாட்டார்கள் என்று அவளே அவருக்கு நினைவுபடுத்தினாள், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசி இராத்திரியில் பந்தியில் இருந்த பாத்திரமும் ஒன்றுதான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் யூதாசுக்குத் தனிக் கோப்பை வைக்கவில்லை. ஆண்டவருக்கே தோன்றாத யோசனை ஹாஷிம் நானா கடையில் உனக்குத் தோன்றியிருக்கிறது. இதையெல்லாம் உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஏனென்றால் இதை வாசிக்க உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய், ஆகையால் எழுதுகிறேன். அவர் பறையடித்தவர். பசறைத் தோட்டத்தில் அம்மன் கோயில் திருவிழா என்றாலும் சாவு என்றாலும் அவர்தான் அடிக்க வேண்டும், நம் குடும்பத்துக்கு அதுதான் என்று வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு வந்த திருவிழாவில் அடிக்கமாட்டேன் என்று சொல்லிப் பறையைக் கங்காணி வாசலில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கே நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவிலிருந்து சட்டிபானையை வெளியே எறிந்தார்கள். அம்மா உன்னைப் பெற்று எழுந்திராத நேரம். மழையில் பதுளைக்கு நடந்து வந்தோம், வழியில் காய்ச்சல் கண்டு அம்மா அதிலிருந்து எழும்பவில்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசிப்பேன், அவர் கேட்பார். கேட்டதை அப்படியே நம்பினார், நம்பியதைச் செய்தார். அந்த மனிதனைத்தான் நீ இப்போது பாளையங்கோட்டைப் பண்ணையார் ஆக்கியிருக்கிறாய். பறையடித்த கை என்று அவரைப் பார்த்து யாரும் வெட்கப்பட்டதில்லை, நீதான் முதல்.

உனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். போகட்டும். மொனராகலைப் பக்கத்தில் புதிதாக ரப்பர் போடும் தோட்டத்துக்குக் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்களாம், நானா விசாரித்துச் சொன்னார். காய்ச்சல் ஊர்தான். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே பேருக்கு வால் கேட்கமாட்டார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் இங்கே வந்து எனக்கு மாவு இடி. உபதேசியாராக இருந்து நீ இப்போது செய்வதைவிட அது பரிசுத்தமான வேலை.

இனி நீ கேட்டவற்றுக்குப் பதில். அந்த வீட்டுப் பெண்கள் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்காத இடத்தில் நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். பாதிரியாரிடமும் இதுவரை சொல்லவில்லை, அதை நீ சொல்வதுதான் முறை என்று காத்திருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு வருவேன். என் ஆண்டவருடைய பந்திக்கு வரவேண்டாம் என்று சொல்ல நீ யார்?

வாசலில் வந்து என்னை வரவேற்க வேண்டாம். எல்லார் முன்னாலும் அக்கா என்று கூப்பிடவும் வேண்டாம், உன் தொண்டை அதற்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். லேயாளுக்குப் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பேன். அந்த நீலக் கோப்பையோடு நீ வருவாய் அல்லவா. லேயாள் குடித்த பிறகு நான் குடிப்பேன். நான் குடித்த பிறகு, அங்கேயே நின்று, எல்லாரும் பார்க்க, அதே கோப்பையில் நீ குடி. வேறு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பெரிய கங்காணிக்கும் பாதிரியாருக்கும் புரிய வேண்டியது புரிந்துவிடும், தையில் யாரும் மெனக்கெட்டு என்னிடம் விசாரிக்க வரவேண்டியிருக்காது.

அங்கே பனி கடுமையாக இருக்கும், கம்பளி இல்லாமல் வெளியே இறங்காதே. அப்பாவைக் காத்த தேவன் உன்னையும் காப்பாராக. அந்த நேரத்தில் உனக்குக் கை நடுங்கினால் பயப்படாதே, கோப்பையின் அடியை நான் பிடித்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளையில் நீ கஞ்சி குடித்ததெல்லாம் அப்படித்தான்.

இங்ஙனம்,
உன் அக்காள்
ரூத்தம்மாள்