நாவல் மரத்தை மட்டும் விட்டார்கள்

வைகாசி 4, திங்கள்

காலையிலேயே முதுகைச் சுடும் வெயில். உளுந்து காயப்போட்டது. வடகத்துக்குக் கூழ் கிண்டியது. பத்து மணிக்கு வாய்க்காலில் பொக்லைன் இறங்கிவிட்டது. தூர் வாராமல் நம் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறி எவ்வளவு நாள்! கிராமசபையில் எழுந்து நின்று கேட்டவள் நான். படிப்புதான் அஞ்சாவதோடு நின்றது, வாய் நிற்கவில்லை.

மருமகள் மாலதி எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க மிஷின் வந்துடுச்சு" என்றாள். என் மிஷினாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மிஷின் நடக்க இடம் வேண்டுமென்று வடகரை மரங்களை வெட்டிக்கொண்டே வருகிறார்கள். பூவரசு, புங்கை, மூங்கில். தென்கரையை ஒட்டி எல்லாருடைய வயலும். அதனால் வடகரை.

பி.பி. மாத்திரை மறந்துபோனது.

வைகாசி 5, செவ்வாய்

காற்றே இல்லை. மிஷின் நாவல் மரத்தடியில். மேலே கிளைக் கவையில் தொட்டில் மாதிரி ஒரு கூடு. மாங்குயில். குஞ்சுகள் வாய் திறப்பது கீழிருந்தே தெரிந்தது. ஆண் குருவி மஞ்சளாகச் சுற்றிச் சுற்றிக் கத்தல்.

மிஷின் ஓட்டுகிறவர் முருகேசன், சேலம் பக்கம்.

"தம்பி, அந்த மரத்த விட்டுடு."

"ஒண்ணை விட்டா இன்னொண்ணும்பீங்க பாட்டி."

"இது ஒண்ணுதான். நான் சொன்னா சொன்னதுதான்."

பக்கத்து வயல் கலியமூர்த்திக்கு ஒரே சிரிப்பு. "தண்ணி வேணும்னதும் நீங்க, மரம் வேணும்கிறதும் நீங்களா பெரியம்மா?" மரத்தடியை விட்டு நான் நகரவில்லை. நாவலை விட்டார்கள்.

அதை ஒட்டிய பூவரசில் கரிச்சான் கூடு இருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. ஒன்றுதான் என்று வாய்விட்டாயிற்றே.

சாயந்திரம் கோயம்புத்தூருக்குப் போன். பேத்தி கவிதா, "சூப்பர் அப்பாயி!" நல்ல தூக்கம்.

வைகாசி 7, வியாழன்

நாவல் மரம் மட்டும் தனியாக. சுற்றிலும் மொட்டை. வெயில் நேராகக் கூட்டுக்குள்.

காலையில் காகங்கள். முன்பு காக்காய் அந்தப் பக்கம் வந்தாலே கரிச்சான் துரத்தித் துரத்திக் கொத்தும். அந்தத் தைரியத்தில்தான் மாங்குயில் அங்கே கட்டியிருக்கிறது. கரிச்சான் மரம் போயிற்று, கரிச்சானும் போயிற்று. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கல் எறிந்தேன். எட்டவில்லை. ஒரு குஞ்சு. அப்புறம் இன்னொன்று. மதியத்துக்குள் கூடு காலி. ஆண் குருவி கரண்ட் கம்பியில். கத்தக்கூட இல்லை.

சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணமென்று மாலதி மோர் கரைத்துக் கொடுத்தாள். வெயில் என்றே இருக்கட்டும்.

வைகாசி 8, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. நாளை மிஷின் எங்கள் வயலுக்கு நேரே வந்துவிடும். அங்கே வடகரையில் மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கும். போய்ப் பார்த்தேன். இலுப்பையில் கரிச்சான். அடுத்த புங்கையில் ஒரு மாங்குயில், இன்னும் அடைகாக்கிறது. நேரே முருகேசனிடம்.

"இந்தப் பக்கம் ஒரு மரத்தையும் தொடக்கூடாது தம்பி."

"ஒண்ணுதான்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனை காலம்! நாக்கு கூசியது.

மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மண்ணு எடுக்காம விட்டா உங்க வயலுக்குத்தான் பாட்டி தண்ணி ஏறாது. எடுக்கணும்னா மிஷினுக்கு நிக்க எடம் வேணும். உங்க கரையில விடுவீங்களா?"

எங்கள் கரையில் வாழை. இப்போதுதான் பூத்தள்ளுகிறது. ஆவணியில் கவிதா கல்யாணம், மண்டப வாசலில் கட்ட வளர்த்தது. வாசல் வாழையைக் கடையில் வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சம்பந்தி வீட்டில் பீற்றியும் ஆயிற்று.

விடு என்றேன்.

வீட்டில் மாலதி: "குருவிக்காகவா அத்தை? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"சிங்கப்பூர்லேர்ந்து அவரு போன் பண்ணுவாரு. நான் என்ன சொல்ல?"

"உங்க அம்மா புத்திகெட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை.

வைகாசி 9, சனி

மேகமூட்டம், மழை இல்லை. முருகேசன் மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டார். எந்தக் கரையானால் என்ன, சேறு வெளியே வந்தால் சரி என்றாராம். ஒன்பது மணிக்கு மிஷின் பாலம் சுற்றி எங்கள் பக்கம் வந்தது.

வாழை சாய்கிற சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. பொத்தென்று ஒன்று. பிறகு அடுத்தது. மாலதி வாழைப்பூக்களை ஒடித்து அன்னக்கூடையில் போட்டாள்.

எதிரே புங்கையில் இலைக்குள் அந்த மாங்குயில். மிஷின் கை நீளும்போது விருட்டென்று எழுந்து போய்விட்டது. முருகேசன் என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். நான் கேட்கவே இல்லை. எல்லாரும் சும்மா நின்றோம். கலியமூர்த்திகூடப் புங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தது. கிளையில் தயங்கி, கூட்டில் உட்கார்ந்தது.

"மயிலாடுதுறையில வாழைக்கு இப்பவே சொல்லி வைக்கணும் அத்தை" என்றாள் மாலதி, மரத்தைப் பார்த்தபடியே.

சொல்லி வை என்றேன்.